மூன்று முறை தட்டப்பட்ட கதவு



காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டில் அதிகாலையில் வேலூர் பஸ்ஸைக் கவனிச்சிருக்கீங்களா? நம்ம மாதிரி காலேஜ் பேக் மாட்டினவங்க பாதிப் பேர் என்றால், மீதிப் பாதி பேர் கையில் ஒரு மஞ்சள் பையோ பிளாஸ்டிக் கவரோ இருக்கும். அதற்குள்ளே எக்ஸ்ரே, ஸ்கேன், பழைய மருந்துச் சீட்டு. பாலுசெட்டிசத்திரம், ஓச்சேரி, காவேரிப்பாக்கம், வாலாஜா என்று பஸ் போய்க்கொண்டே இருக்கும். அந்தப் பை மடியை விட்டு இறங்காது. எங்கே போறீங்க என்று கேட்டால், ஆஸ்பத்திரி பேரைக்கூடச் சொல்ல மாட்டார்கள். வேலூருக்கு என்பார்கள். அவ்வளவுதான். நமக்குப் புரிந்துவிடும்.

பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரர் முதல் வங்காளத்திலிருந்து ரயிலேறி வரும் குடும்பம் வரை, ஒரு ஊர்ப் பெயரே ஆஸ்பத்திரிக்குப் பெயராக ஆனது எப்படி? அதற்குப் பின்னால் ஒரு பெண் இருக்கிறார். இந்த ஊரையும் இந்த வேலையையும் சுத்தமாகப் பிடிக்காத ஒரு பெண். அவருடைய கதைதான் இந்த மாதம். பேர், டாக்டர் ஐடா ஸ்கடர்.

சேவை, தியாகம், அன்னை என்று பெரிய பெரிய வார்த்தைகள் வரப்போகின்றன என்று ஸ்க்ரோல் பண்ணிடாதீங்க. இது வேற மாதிரி கதை. இரக்கம் என்ற ஒன்றை ஒருவர் எப்படிப் படிப்படியாக ஒரு சிஸ்டமாகக் கட்டினார் என்ற கதை. நம்ம டிபார்ட்மெண்ட் ஆட்களுக்கு இது நன்றாகவே புரியும்.

ரொட்டித் துண்டும் அமுதசுரபியும்

ஐடா பிறந்தது 1870 டிசம்பர் 9, ராணிப்பேட்டையில். ஆமாம், நம்ம பஸ் போகிற அதே பாதைதான். தாத்தா ஜான் ஸ்கடர் நியூயார்க்கில் நன்றாகப் பிராக்டிஸ் பண்ணிக்கொண்டிருந்த டாக்டர். ஒரு நோயாளி வீட்டில் காத்திருந்தபோது கையில் கிடைத்த ஒரு சிறு நூலைப் படித்துவிட்டு, எல்லாவற்றையும் விட்டு 1819ல் இலங்கைக்குக் கப்பலேறியவர். பிறகு சென்னைக்கு வந்தார். அவருடைய மகன்களில் ஏழு பேர் மிஷனரிகள். கடைசி மகன் ஜான் ஸ்கடரும் டாக்டர். அவருடைய மகள்தான் ஐடா. சுருக்கமாகச் சொன்னால், நம்ம வீடுகளில் சில பேருக்கு இன்ஜினியரிங் எப்படி எழுதி வைத்ததோ, அப்படி ஸ்கடர் வீட்டில் மிஷன் வேலை எழுதி வைத்தது.

ஐடாவுக்கு ஆறேழு வயது இருக்கும்போது பெரும் பஞ்சம் வந்தது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தையே சூறையாடிய தாது வருடத்துப் பஞ்சம். விளைச்சல் இல்லை, விளைச்சல் இல்லாததால் துணி வாங்க ஆளில்லை, தறிக்காரர்களும் பட்டினி. மிஷன் வீட்டு வளாகத்தில் வந்து விழுந்து கிடந்த குழந்தைகளுக்கு ரொட்டியைப் பிய்த்துக் கொடுக்கும் வேலை அந்தச் சின்னப் பெண்ணுக்கு. சிலருக்குக் கை நீட்டி வாங்கக்கூடத் தெம்பில்லை, வாயில்தான் வைக்க வேண்டும். ரொட்டி தீர்ந்த பிறகும் குழந்தைகள் இருந்தார்கள்.

இந்த இடத்தில் நம்ம ஊர்க் கதை ஒன்று ஞாபகம் வருகிறது. மணிமேகலை காஞ்சிக்கு வந்தபோது இந்த நகரமே பஞ்சத்தில் கிடந்ததாகக் காப்பியம் சொல்கிறது. அவள் கையில் அமுதசுரபி. எடுக்க எடுக்கக் குறையாத பாத்திரம். வந்தவர்க்கெல்லாம் போட்டாள், பசி தீர்ந்தது. ஐடாவின் கையில் இருந்தது அமுதசுரபி இல்லை, சாதாரண ரொட்டி. நம்ம யார் கையிலும் அமுதசுரபி இல்லை. குறைகிற பாத்திரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதுதான் இந்த வாழ்க்கை முழுக்க ஓடுகிற கேள்வி.

ஆனால் அன்றைக்கு அந்தச் சின்னப் பெண் எடுத்த முடிவு வேறு. இந்த வெயிலும் புழுதியும் சாவும் வேண்டவே வேண்டாம். குடும்பம் அமெரிக்கா திரும்பியது. ஐடா அங்கே பள்ளியில் படித்தாள், தோழிகளோடு சிரித்துத் திரிந்தாள், நல்ல இடத்தில் கல்யாணம், வசதியான வாழ்க்கை என்று கனவு கண்டாள். மிஷனரி ஆவதில்லை என்பதில் ரொம்பத் தெளிவாக இருந்தாள். 1890ல் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று தகவல் வந்தபோது, கொஞ்ச நாள் பார்த்துக்கொண்டு உடனே திரும்பிவிடலாம் என்றுதான் இந்தியா வந்தாள். அப்போது பெற்றோர் இருந்த ஊர் திண்டிவனம்.

திண்டிவனத்து இரவு

அந்த இரவு பற்றி ஸ்கடரின் வரலாற்றை எழுதிய எல்லோரும் சொல்கிறார்கள். நானும் சொல்கிறேன். கொஞ்சம் மெதுவாகப் படியுங்கள்.

ராத்திரி ஐடா விளக்கு வைத்துப் படித்துக்கொண்டிருக்கிறாள். கதவு தட்டப்படுகிறது. வெளியே ஒரு பிராமண இளைஞர். வீட்டில் மனைவிக்குப் பிரசவம், குழந்தை வெளியே வரவில்லை, பெண் சாகக் கிடக்கிறாள். அவளே ஒரு சிறுமி; அந்தக் காலத்துக் கல்யாணம் அப்படி. ஐடா உடனே, அப்பா டாக்டர், அவரைக் கூப்பிடுகிறேன் என்கிறாள். அவர் மறுக்கிறார். வேற்று ஆண் பார்க்கக் கூடாது. நீ வா என்கிறார். எனக்கு வைத்தியமே தெரியாதே என்கிறாள் ஐடா. அவர் திரும்பிப் போய்விடுகிறார்.

கொஞ்ச நேரத்தில் மறுபடி கதவு. இந்த முறை ஒரு முஸ்லிம். அதே விஷயம், அதே பதில். மூன்றாவதாக ஒருவர் வருகிறார், இன்னொரு இந்துக் குடும்பத்துக்காரர். அதே கேள்வி, அதே மறுப்பு, அதே இருட்டு.

விடிய விடிய அவளுக்குத் தூக்கமில்லை. காலையில் தெருவில் பறை ஒலி கேட்கிறது. ஆள் அனுப்பி விசாரிக்கிறாள். மூன்று பெண்களும் இறந்துவிட்டார்கள்.

இங்கே அந்த மூன்று கணவர்களைத் திட்டிவிட்டுப் போவது ரொம்ப ஈஸி. ஆனால் யோசிச்சுப் பாருங்க. மனைவி மேல் அக்கறை இல்லாத ஆளா நடுராத்திரியில் வெள்ளைக்காரர் வீட்டுக் கதவைத் தட்டுவான்? மூன்று பேருக்கும் வேதனை இருந்தது. ஐடாவுக்கும் இருந்தது. உள்ளே தூங்கிக்கொண்டிருந்த அப்பாவுக்கும் இருந்திருக்கும். இரக்கத்துக்கு அந்த வீட்டில் அன்றைக்குப் பஞ்சமே இல்லை. இல்லாமல் போனது ஒன்றே ஒன்றுதான்: அந்த அறைக்குள் நுழையக்கூடிய, வேலை தெரிந்த ஒரு பெண்ணின் கை.

பெண் மருத்துவர்களே இல்லாத காலமும் இல்லை அது. சென்னை மருத்துவக் கல்லூரியில் 1875லேயே பெண்களைச் சேர்த்திருந்தார்கள். அங்கே படித்த மேரி ஷார்லீப் முயற்சியால் கோஷா பெண்களுக்கென்றே 1885ல் சென்னையில் ஒரு ஆஸ்பத்திரியும் வந்துவிட்டது. ஆனால் சென்னை எங்கே, திண்டிவனம் எங்கே? பிரசவ வலியில் துடிக்கிறவளை மாட்டு வண்டியில் 120 கிலோமீட்டர் கொண்டுபோக முடியுமா? தீர்வு ஏதோ ஒரு ஊரில் இருக்கிறது என்பதும் இல்லை என்பதும், தேவைப்படுகிறவருக்கு ஒன்றுதான்.

அன்று காலை ஐடா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ரொம்ப நேரம் ஜெபம் செய்தாள். வெளியே வந்து பெற்றோரிடம், அமெரிக்கா போய் டாக்டருக்குப் படிக்கப் போகிறேன், திரும்பி வருவேன் என்றாள்.

உருகினால் மட்டும் போதுமா?

ஐடாவின் முடிவு அவருடைய விசுவாசத்திலிருந்து வந்தது. அதை மறைத்துவிட்டு இந்தக் கதையைச் சொல்ல முடியாது. நீங்கள் எந்த மதமாகவும் இருக்கலாம், எதுவும் இல்லாமலும் இருக்கலாம். ஆனால் அவர் எதை நம்பினார் என்று தெரியாமல் அவர் செய்ததைப் புரிந்துகொள்ள முடியாது.

தமிழ் பைபிளில் இயேசுவைப் பற்றி அடிக்கடி வரும் ஒரு சொல், மனதுருகுதல். நமக்குப் பழக்கமான சொல்தான். ஏகாம்பரநாதர் கோயிலிலும் வரதராஜப் பெருமாள் கோயிலிலும் பாடுகிறவர்களும் உருகித்தான் பாடுகிறார்கள். பக்தியில் உருகுவது கடவுளை நினைத்து. சுவிசேஷக் கதைகளில் கடவுளின் மகன் மனிதர்களைப் பார்த்து உருகுகிறார். கவனித்துப் பார்த்தால் இன்னொன்றும் தெரியும். அந்தக் கதைகளில் மனதுருகினார் என்று வந்தால் வாக்கியம் அதோடு நிற்காது. அடுத்து ஒரு வேலை வரும். குஷ்டரோகியைத் தொட்டார். கூட்டத்துக்குச் சாப்பாடு போட்டார். நோயைக் குணமாக்கினார். உருகியதற்கும் கை நீட்டியதற்கும் நடுவே இடைவெளியே இருக்காது.

நல்ல சமாரியன் கதையும் அப்படித்தான். அடிபட்டு வழியில் கிடந்தவனைப் பார்த்து, வேற்று இனத்துக்காரன் ஒருவன் உருகுகிறான். பிறகு என்ன செய்கிறான்? காயத்தைக் கழுவிக் கட்டுகிறான், தன் வாகனத்தில் ஏற்றுகிறான், சத்திரத்தில் சேர்க்கிறான், சத்திரக்காரனிடம் பணம் கொடுக்கிறான், மேலே செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகிறான். முதலுதவி, போக்குவரத்து, அட்மிஷன், அட்வான்ஸ், ஃபாலோ-அப். அட, ஒரு முழு ஆஸ்பத்திரியே அந்தக் கதைக்குள் இருக்கிறது!

இரக்கம் கிறிஸ்தவத்தில் ஓரமாக ஒட்டவைத்த நல்ல குணம் இல்லை, நடுத்தூண் என்று சொல்வது இதனால்தான். கடவுளை நேசிக்கிறேன் என்று சொல்வதற்கான சோதனையே பக்கத்தில் இருப்பவனை எப்படி நடத்துகிறாய் என்பதுதான். திண்டிவனத்தில் ஐடா அந்தச் சோதனையில் தோற்றுவிட்டதாக உணர்ந்தார். உருகினார், அடுத்த வேலையைச் செய்யக் கை தெரியவில்லை. அதனால் கையைத் தயார் செய்யப் போனார்.

பத்தாயிரம் டாலர்

முதலில் பிலடெல்பியாவில் பெண்களுக்கான மருத்துவக் கல்லூரி. கார்னெல் பல்கலைக்கழகம் தன் மருத்துவக் கல்லூரியில் பெண்களைச் சேர்க்கத் தொடங்கியதும் அங்கே மாறினார். 1899ல் பட்டம். பெண்கள் இடம்பெற்ற முதல் வகுப்பு அது.

ஊருக்குக் கிளம்பும் முன் வேலூரில் பெண்களுக்கு ஒரு ஆஸ்பத்திரி கட்டப் பணம் திரட்ட வேண்டியிருந்தது. கிளம்பும் நாள் நெருங்கிக்கொண்டே வந்தது, பணம் சேரவில்லை. ஒரு நாள் சபை அம்மையார் ஒருவர் வீட்டில் உட்கார்ந்து, வேலூர்ப் பக்கத்துப் பெண்கள் படும் பாட்டை விவரித்துக்கொண்டிருந்தார். பக்கத்து அறையில் அந்த வீட்டுப் பெரியவர், ஷெல் என்ற வங்கியாளர், எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தது அவருக்குத் தெரியாது. மறுநாள் அவரே கூப்பிட்டு அனுப்பினார். நிறையக் கேள்வி கேட்டார். கடைசியில் இறந்துபோன தன் மனைவியின் நினைவாக 10,000 டாலர் எழுதிக் கொடுத்தார்.

1900ன் தொடக்கத்தில் ஐடா வேலூர் வந்து சேர்ந்தார். அப்பா பக்கத்தில் இருந்து தொழில் கற்றுத் தருவார் என்று நம்பி வந்தவர். சில மாதங்களிலேயே அப்பா புற்றுநோயில் இறந்துபோனார். முப்பது வயதுகூட ஆகாத பெண், அனுபவம் இல்லாத டாக்டர், தனி ஆள். வீட்டிலேயே ஒரு சிறு அறையில் வைத்தியம் தொடங்கினார். ஆரம்பத்தில் யாரும் வரவில்லை. பெண் டாக்டராம், இளம் வயசாம், வெள்ளைக்காரியாம், மதம் மாற்றுவார்களாம் என்று எத்தனை சந்தேகம்! அந்தச் சந்தேகத்தில் நியாயமே இல்லை என்று சொல்ல முடியாது. மிஷன் ஆஸ்பத்திரியில் ஜெபமும் உண்டு, பைபிளும் உண்டு. அதை அவர் மறைக்கவும் இல்லை. ஆனால் மருந்து வாங்க வருகிறவர் யார், எதை நம்புகிறவர் என்பதை வைத்து வைத்தியம் மாறவில்லை. அது மெல்ல மெல்ல ஊருக்குத் தெரிந்தது. ஒரு ஆளுக்குக் கண் தெளிந்தால் அவர் தெருவே வரும். இரண்டு வருஷத்தில் ஆயிரக்கணக்கானவர்களைப் பார்த்துவிட்டார். 1902ல் ஷெல் மனைவியின் பெயரில், மேரி டேபர் ஷெல் ஆஸ்பத்திரி, 40 படுக்கைகளோடு திறந்தது. ஆரணி ரோட்டில் அந்த வளாகம் கண் ஆஸ்பத்திரியாக இன்றைக்கும் இருக்கிறது.

புளியமரத்தடி டைம்டேபிள்

சரி, ஆஸ்பத்திரி கட்டியாச்சு. ஹேப்பி எண்டிங்தானே? இல்லை. திண்டிவனத்துப் பிரச்சினை அப்படியே இருந்தது. நடந்து வர முடியாதவளுக்கு 40 படுக்கை இருந்தாலும் ஒன்று, 400 இருந்தாலும் ஒன்று.

அதனால் ஆஸ்பத்திரியே கிளம்பியது. வேலூரிலிருந்து குடியாத்தம் போகும் சாலையில், முதலில் மாட்டு வண்டி, பிறகு 1909ல் ஒரு சின்ன பூஜோ கார். அந்தப் பக்கத்து ஜனம் காரைப் பார்த்ததே இல்லை. முதல் முதலில் அது சத்தத்தோடும் புகையோடும் வந்தபோது பேய் என்று நினைத்து ஓடியவர்களும் உண்டு. குடியாத்தமும் நம்ம காஞ்சி மாதிரி தறி ஊர்தான். நமக்குப் பட்டு, அவர்களுக்குக் கைலி. வழியெல்லாம் நெசவுக்காரர்களும் விவசாயிகளும்.

வாரத்தில் குறிப்பிட்ட நாள், குறிப்பிட்ட மரத்தடி. புண் கழுவிக் கட்டு, கண்ணுக்குச் சொட்டு மருந்து, சொத்தைப் பல் பிடுங்கல், குழந்தைக்கு மருந்து. குஷ்டரோகிகளும் வருவார்கள், வேறெங்கும் பக்கத்தில் சேர்க்கப்படாதவர்கள். வேலை முடிந்ததும் அடுத்த மரம். அடுத்த வாரம் அதே நாள், அதே மரம்.

எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்தது இந்த டைம்டேபிள்தான். ஒரு நாள் போய் மெடிக்கல் கேம்ப் போட்டு, பேனர் கட்டி, குரூப் போட்டோ எடுத்துவிட்டு வருவது நமக்குத் தெரியும். தப்பு ஒன்றும் இல்லை, போட்ட வரைக்கும் நல்லதுதான். ஆனால் போன வாரம் கட்டிய கட்டை இந்த வாரம் அவிழ்த்துப் பார்க்க யாராவது வர வேண்டுமில்லையா? புண் ஆறுவது போட்டோவில் இல்லை, அந்த இரண்டாவது வாரத்தில்தான். மரத்தடியில் காத்திருந்தவர்களுக்கு ஐடாவின் மனசு எவ்வளவு உருகியது என்று தெரியாது. இந்த நாளில் வண்டி வரும் என்று தெரியும். அதுதான் அவர்களுக்குக் கிடைத்த இரக்கம்.

பதினான்கு பேர்

குறைகிற பாத்திரத்தைப் பற்றிச் சொன்னேன் இல்லையா? வண்டி போன சாலைக்குப் பக்கத்தில் வண்டி போகாத சாலைகள் நூறு இருந்தன. ஐடா ஒருத்தர்தான். ஒரு ஆள் ஒரு நாளில் எத்தனை பிரசவம் பார்க்க முடியும்? கணக்கு உதைத்தது.

இங்கேதான் அவர் தன் அடுத்த முடிவுக்கு வந்தார். தானே எல்லாவற்றையும் செய்ய முயல்வதை விட, செய்யத் தெரிந்தவர்களை உருவாக்க வேண்டும். அதுவும் வெளிநாட்டிலிருந்து இறக்குமதி பண்ணி இல்லை, இந்த ஊர்ப் பெண்களிலிருந்து. 1909ல் நர்சுகளுக்குப் பயிற்சிப் பள்ளி. அடுத்தது பெண்களுக்கு மருத்துவப் பள்ளி. அரசாங்க மருத்துவத் துறை மேலதிகாரி நம்பவில்லை. மூன்று பேர் சேர்ந்தாலே அதிர்ஷ்டம் என்கிற தோரணையில்தான் அனுமதி கிடைத்தது.

1918 ஆகஸ்ட் 12, பள்ளி தொடங்கியது. வாடகைக் கட்டடம், கொஞ்சம் புத்தகம், கொஞ்சம் எலும்பு, ஒரு மைக்ராஸ்கோப். லேப் வசதி பத்தலை என்று நம்ம புலம்பும்போது இதைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளலாம். விண்ணப்பங்கள் மூன்று இல்லை, இருந்த இடத்தைப் போலப் பல மடங்கு வந்து குவிந்தன. அனாடமி வகுப்பை ஐடாவே எடுத்தார். பகலில் ஆபரேஷன், வகுப்பு, வார்டு. வார நாளில் மரத்தடி.

முதல் அரசுத் தேர்வு வந்தது. மாகாணத்து ஆண்கள் பள்ளிகளில் பெரும்பாலானோர் தோற்கிற தேர்வு. நிறையப் பேர் தோற்பார்கள், மனசைத் தயார் பண்ணிக்கோங்க என்றுதான் அவருக்குச் சொல்லியிருந்தார்கள். ரிசல்ட் வந்தது. வேலூர்ப் பெண்கள் அத்தனை பேரும் பாஸ். 1922ல் அந்த முதல் வகுப்பிலிருந்து 14 பேர் டாக்டர்களாக வெளியே வந்தார்கள்.

திண்டிவனத்தில் அந்த இரவில் ஒருத்தர்கூட இல்லை. முப்பது வருஷம் கழித்து 14 பேர். அவர்கள் வேறு வேறு ஊருக்குப் போனார்கள். எத்தனை இரவுகளில் எத்தனை கதவுகள் தட்டப்பட்டு, இந்த முறை உள்ளேயிருந்து ஒரு பெண் டாக்டர் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியிருப்பார் என்று யாரும் கணக்கெடுத்ததில்லை.

காஞ்சிக்காரர்களுக்கு இதை வேறு மாதிரியும் சொல்லலாம். பழைய முறையில் கோர்வைச் சேலை நெய்யணும் என்றால் தறியில் ஒருத்தர் உட்கார்ந்தால் ஆகாது. உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு ஒரு நிறம். கரைப் பக்கத்து நாடாவைப் போட இன்னொரு ஆள் பக்கத்தில் வேண்டும். நெய்கிறவர் எவ்வளவு பெரிய கைகாரராக இருந்தாலும், பக்கத்து ஆள் வரவில்லை என்றால் அன்றைக்குக் கோர்வை நடக்காது. ஐடா செய்தது பக்கத்து ஆளைத் தயார் பண்ணும் வேலை.

கடைசிச் சோதனை

1938ல் பெரிய அடி. இந்த மாதிரி டிப்ளமோ தரும் பள்ளிகள் இனி போதாது, பல்கலைக்கழகத்தோடு இணைந்த பட்டப்படிப்புதான் செல்லும் என்று விதி மாறியது. அதற்கு வேண்டிய கட்டடம், பேராசிரியர்கள், படுக்கைகள், பணம் எதுவும் இல்லை. மூடுவதுதான் ஒரே வழி போலிருந்தது. அப்போது அவருக்கு 67 வயது. நம்ம வீட்டில் அந்த வயதில் பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு ஓய்வாக இருப்பார்கள். இவர் இரண்டாம் உலகப்போர் நடக்கும்போது, 70ஐத் தாண்டிய வயதில், அமெரிக்காவில் ஊர் ஊராகப் போய்ப் பணம் திரட்டினார்.

இன்னொரு சிக்கலும் வந்தது. பல சபைகள் சேர்ந்து பணம் தரத் தயார். ஆனால் ஆண்களையும் சேர்க்க வேண்டும். பெண்களுக்காகவே என்று பல வருஷம் உழைத்துப் பணம் திரட்டித் தந்த நெருங்கிய தோழி லூசி பீபாடி, இதைத் துரோகமாகவே பார்த்தார். எந்தப் பக்கம் போனாலும் வலி. பெண்களுக்கு மட்டும் என்று பிடிவாதமாக நின்றால் கல்லூரியே இருக்காது. திறந்துவிட்டால் தோழியின் நம்பிக்கையும், ஐம்பது வருஷக் கனவின் வடிவமும் போகும். ஐடா திறந்துவிடும் பக்கம் நின்றார். நட்பில் விழுந்த விரிசலின் விலையையும் கொடுத்தார். அவர் செய்தது சரியா என்று நீங்களே முடிவு செய்யுங்கள். தான் வரைந்த பிளானை விட, வாசலில் நிற்கும் நோயாளி முக்கியம் என்று நினைத்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

1942ல் எம்.பி.பி.எஸ். வகுப்பு தொடங்கியது. அடுத்த சில ஆண்டுகளில் ஆண்களும் சேர்ந்தார்கள். ஐடா 1946ல் ஓய்வு பெற்றார். பிறகு ஆந்திரத்தைச் சேர்ந்த டாக்டர் ஹில்டா லாசரஸ் முதல் இந்திய இயக்குநராகப் பொறுப்பேற்றார். கோடைக்கானல் வீட்டில், எல்லோருக்கும் ஐடா அத்தையாக, 1960 மே மாதம் வரை வாழ்ந்தார். இறக்கும்போது வயது 89. கல்யாணம் செய்துகொள்ளவே இல்லை. வரமாட்டேன் என்று அடம்பிடித்த நாட்டில் ஏறக்குறைய அறுபது வருஷம் இருந்துவிட்டார்.

அவர் போட்ட பாதையில் வந்தவர்களில் ஒருவரை மட்டும் சொல்கிறேன், இன்ஜினியர்களுக்காக. டாக்டர் பால் பிராண்ட், நம்ம கொல்லிமலையில் பிறந்தவர். குஷ்டரோகிகளின் விரல் தானாக அழுகி விழுவதில்லை, வலி தெரியாததால் காயம்பட்டு வீணாகிறது என்று வேலூரில் கண்டறிந்தவர். 1948ல் அவர்களுடைய மடங்கிய கைகளை அறுவை சிகிச்சையால் மறுபடி வேலை செய்ய வைத்தார். அதோடு நிற்காமல் செருப்புக்கு வந்தார். அழுத்தம் என்றால் விசையைப் பரப்பால் வகுப்பது. பரப்பைக் கூட்டினால் அழுத்தம் குறையும். முதல் செமஸ்டர் பாடம். காலின் அடிப்பகுதி முழுக்க எடையைப் பரவலாகத் தாங்கும் மெத்தென்ற மைக்ரோசெல்லுலார் ரப்பர் செருப்பு அப்படித்தான் வந்தது. புண் வராமல் எத்தனையோ பேரின் கால்கள் தப்பின. நம்ம மார்க்குக்காக மனப்பாடம் பண்ணும் ஒரு ஃபார்முலாவுக்குள்ளே இவ்வளவு இரக்கம் ஒளிந்திருக்கும் என்று யார் நினைத்தது!

நம்ம கதவு

எங்கள் தெருவில் ஒரு தறிக்காரத் தாத்தா இருக்கிறார். மாதம் ஒரு முறை வேலூர் போவார். போன வருஷம் வரை தனியாகத்தான் போனார். கவுண்டர் எது, எந்த பிளாக், எந்தச் சீட்டு எங்கே கொடுக்கணும் என்று தெரியாமல் முழு நாளும் அலைந்துவிட்டு ராத்திரி வருவார். தாத்தாவுக்கு என்னாச்சு என்று நானும் வாசலில் நின்று உச்சுக் கொட்டியிருக்கிறேன். மனசு நிஜமாகவே கஷ்டப்பட்டது. உள்ளே வந்து போனைப் பார்க்க ஆரம்பித்தால் அந்தக் கஷ்டம் போய்விடும்.

இந்தக் கட்டுரைக்காக ஐடாவைப் பற்றிப் படித்தபோதுதான் அது உறைத்தது. உருகியாச்சு, அடுத்த வேலை எங்கே? இப்போது தெருவில் நாங்கள் நான்கு பேர் முறை வைத்திருக்கிறோம். மாதத்தில் ஒரு நாள், ஒருத்தர் அவரோடு பஸ் ஏற வேண்டும். பெரிய சேவை ஒன்றும் இல்லை, ஒரு நாள் அட்டெண்டன்ஸ் போகும், அவ்வளவுதான். இரண்டாவது மாதமே எனக்குச் சலிப்பு வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அப்போதுதான் புளியமரத்தடியின் அருமை தெரிந்தது. முதல் வாரம் எல்லோரும் போவோம்.

உங்களுக்கும் இப்படி ஏதாவது ஒன்று இருக்கும். ஹாஸ்டலில் காய்ச்சலோடு படுத்திருக்கும் ரூம்மேட், அரியர் வைத்துவிட்டு யாரிடமும் பேசாமல் திரியும் ஜூனியர், தமிழ் மீடியத்திலிருந்து வந்து வகுப்பில் வாயே திறக்காத பையன். பாவம் என்று தோன்றியிருக்கும். அந்தப் பாவத்துக்கு ஒரு கிழமையும் ஒரு நேரமும் குறித்துப் பாருங்கள்.

அடுத்த முறை வேலூர் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் மஞ்சள் பையோடு யாராவது உட்கார்ந்தால், ஜன்னலோரத்தைக் கொடுத்துவிட்டு, எந்த பிளாக் போகணும் என்று கேளுங்கள். வாலாஜா தாண்டுவதற்குள் முழுக் கதையும் சொல்லிவிடுவார்கள்.